பொது மேசையும் படிப்புதான்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர் அறையில் தானே சமைத்துச் சாப்பிடுவதே நல்லது என்று எதிரணியினர் வாதாடினார்கள். செலவு குறையும், வயிறு கெடாது, வீட்டு ஏக்கமும் தணியும் என்றார்கள். மூன்றும் உண்மைதான். ஆனாலும் அந்த ஊர்க்காரர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடாதவர், படிக்கப் போன படிப்பில் பாதியைத் தவறவிடுகிறார் என்பதே இந்த அணியின் வாதம்.

இதற்குச் சாட்சி, 1888இல் 18 வயதில் லண்டனுக்குக் கப்பலேறிய ஒரு மாணவர்: மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. மது, மாது, மாமிசம் தொடுவதில்லை என்று தாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் போனவர்.

அவர் சேர்ந்த இன்னர் டெம்பிள் எனும் சட்டக் கழகத்தில் பாரிஸ்டர் ஆவதற்குத் தேர்வு மட்டும் போதாது. 12 பருவங்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 24 விருந்துகள், அவற்றில் ஆறிலாவது உட்கார்ந்தே ஆக வேண்டும். சாப்பாடே பாடத்திட்டம்! இறைச்சியும் ஒயினும் பரிமாறிய அந்த மேசையில் காந்தி சாப்பிடக்கூடியவை ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு மட்டுமே; முதலில் அவற்றையும் அவர் தொடவில்லை. பிறகு சைவ உணவு வேண்டுமென்று விண்ணப்பித்துப் பெற்றார். நான்கு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின் என்பது வழக்கம். குடிக்காத இவரைத் தங்கள் நால்வரில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளச் சக மாணவர்கள் போட்டி போட்டதை அவரே 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். சத்தியமும் கெடவில்லை, மேசையும் விலகவில்லை.

ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். அங்கே விற்பனைக்கு வைத்திருந்த சைவ உணவு பற்றிய ஹென்றி சால்ட்டின் நூலை வாங்கினார். தாய்க்காகக் காத்த விரதம், படித்த பிறகு அவருடைய சொந்தக் கொள்கையானது. லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்றார். 1891இல் அந்த ஊர்ப் பத்திரிகையில் இந்திய உணவையும் பண்டிகைகளையும் பற்றி எழுதினார். பொதுவாழ்வின் முதல் பயிற்சி அவருக்கு உணவு மேசையில் கிடைத்தது என்றே சொல்லலாம்.

காந்தியும் அறையில் அடுப்பு வைத்திருந்தாரே என்று எதிரணி கேட்கலாம். வைத்திருந்தார், செலவைக் குறைக்கக் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் காய்ச்சினார். மதியச் சாப்பாடு வெளியில்தான்!

1914இல் கேம்பிரிட்ஜ் போன கணித மேதை ராமானுஜனோ கல்லூரி உணவுக்கூடத்தைத் தவிர்த்து அறையிலேயே தனியாகச் சமைத்தார். அங்கே அவருக்கு வந்த நோய்க்கு அதுதான் காரணம் என்று சொல்வது நியாயமன்று. போர்க்காலத் தட்டுப்பாடும் இருந்தது. ஆனால் ஒன்றாக உண்ணும்போது தானாக அமையும் பேச்சுத் துணையை அந்த மேதை இழந்தார். நினைத்தால் மனம் கனக்கிறது.

இன்றைய மாணவருக்கு அவ்வளவு சிரமமில்லை. ஜெர்மனியின் 'மென்சா' எனும் பல்கலைக்கழக உணவகங்களில் சலுகை விலையில் சைவ உணவும் கிடைக்கிறது. பிரான்சில் உதவித்தொகை பெறும் மாணவருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டை 1 யூரோவுக்குத் தரும் திட்டம் 2020இல் வந்தது. அப்படியிருக்க, செலவைக் காரணம் காட்டி எல்லோரையும் அறைக்குள் உட்காரச் சொல்வது எப்படிச் சரியாகும்?

ஆகவே நடுவர் அவர்களே, பொது மேசையின் பக்கமே தீர்ப்புச் சொல்லுங்கள். படிக்கப் புறப்படும் பிள்ளைகளே, பெட்டியில் சாம்பார்ப் பொடி தாராளமாக இருக்கட்டும், இரவுக்கு உதவும். போய்ச் சேர்ந்த முதல் வாரமே மதியத் தட்டை எடுத்துக்கொண்டு, முன்பின் தெரியாத நால்வர் இருக்கும் மேசையில் போய் உட்காருங்கள்.