மன்றிலே பிள்ளைக்கு ஒரு குரல்

பெற்றாரை இழந்த பிள்ளையை யார் வளர்ப்பது என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டில் எழுத்திற் பதிவுசெய்வித்த தேசவழமை அதற்கொரு முறை கூறுகின்றது. தாயும் தந்தையும் இறந்தால் இரு பக்கத்து உறவினரும் கூடி, பிள்ளைகளை யாரிடம் ஒப்புவிப்பதென ஆலோசிப்பர். தெரிந்தெடுக்கப்பட்டவரிடம் பிள்ளைகளையும், விவரமெழுதிய ஓலையோடு சொத்தையும் கையளிப்பர். சொத்துக்கு ஓலை உண்டு. பிள்ளையின் மனத்துக்கு ஓலை எது? இதுவே நாம் சிந்திக்கவேண்டிய செய்தி.

உறவினர் கூடிய முற்றத்தின் இடத்திலே காலப்போக்கில் நீதிமன்றம் வந்தமர்ந்தது. பாதுகாப்பு வேண்டி நிற்கும் பிள்ளையை உறவினரிடமோ தகுதியுள்ள வேறொருவரிடமோ ஒப்படைக்கும் அதிகாரத்தை 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் மன்றுக்கு வழங்கிற்று. பிள்ளையின் வீட்டு நிலையை விசாரித்து அறிக்கை தருவது நன்னடத்தை உத்தியோகத்தரின் கடமை. அரிய கடமைதான், ஆயினும் ஓர் உத்தியோகத்தரின் கையில் எத்தனையோ பிள்ளைகளின் கோவைகள். ஒரு பிள்ளையோடு நெடுநேரம் அமர்ந்திருக்க அவருக்குப் பொழுது வாய்ப்பதில்லை.

இக்குறையை அமெரிக்காவில் ஒரு நீதிபதியே உணர்ந்தார். சியாற்றில் நகரிலே டேவிட் சூக்கப் என்பவர், பிள்ளையின் வாழ்வைத் தீர்மானிக்கும் வேளையில் அப்பிள்ளையைப் பற்றித் தாம் அறிந்தது மிகச் சொற்பம் என்று கண்டு வருந்தினார். 1977இல் அவர் பொதுமக்களிடமிருந்து தொண்டர்களைத் திரட்டிப் பயிற்சியளித்தார். அவர்கள் சட்டத்தரணிகள் அல்லர். பிள்ளையை அடிக்கடி சென்று காண்பதும், ஆசிரியரையும் அயலாரையும் வினவுவதும், கண்டதை மன்றுக்கு உள்ளபடி எழுதிக் கொடுப்பதுமே அவர்தம் பணி. அம்முறை பின்னர் பல மாநிலங்களுக்கும் பரவிற்று.

வன்னிக்கு இச்செய்தி தொலைவானதன்று. 2004ஆம் ஆண்டு மார்கழியில் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. அவ்வனர்த்தத்தில் பெற்றாரை இழந்த பிள்ளைகளின் வளர்ப்புப் பராமரிப்புக்கென 2005இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. 2009இல் முடிவுற்ற போர் மேலும் எத்தனையோ பிள்ளைகளை உற்றாரற்றவர் ஆக்கிற்று.

மாங்குளத்திலே இரு பிள்ளைகள் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். அக்காளுக்கு வயது பத்து, தம்பிக்கு ஐந்து. தாய் இல்லை, தந்தை திரும்பவில்லை. ஒட்டுசுட்டானில் அம்மம்மா கச்சான் பிடுங்கும் கூலிவேலை செய்து வாழ்கின்றார். அறிக்கையில் அவருடைய வருமானமும் ஒழுகும் கூரையும் இடம்பெறும். அக்காளின் சேலைத் துண்டைப் பற்றிக்கொண்டல்லது தம்பி உறங்கமாட்டான் என்பது இடம்பெறுமா? அக்காளைப் பெண்பிள்ளைகள் இல்லத்துக்கும் தம்பியை ஆண்பிள்ளைகள் இல்லத்துக்கும் அனுப்பினால், தாயை இழந்தவன் இரண்டாம் முறையும் தாயை இழப்பான். அதை மன்றிலே எடுத்துரைக்க ஒருவர் வேண்டாமா?

உலகோர் இதனை ஏற்றுள்ளனர். இலங்கை 1991இல் ஏற்புறுதி செய்த சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பற்றிய தீர்மானங்களிலே தன் கருத்தைச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்குத் தருகின்றது; வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்பளிக்கவும் பணிக்கின்றது. வறுமை ஒன்றையே காரணமாகக் கொண்டு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரித்தலாகாது, உடன்பிறந்தாரைத் தக்க காரணமின்றிப் பிரித்தலாகாது என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. அம்மம்மாவின் கூரை ஒழுகுமாயின் கூரையை வேய்வதே பரிகாரம், பிள்ளையைப் பெயர்ப்பதன்று.

ஆயின், பிள்ளைக்காகப் பேசப் புகுவோர்க்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. பேசுமுன் கேட்கவேண்டும். தம் விருப்பத்தைப் பிள்ளையின் விருப்பமென்று சொல்லலாகாது. பிள்ளை விரும்புவது ஒன்றாகவும் நலம் பயப்பது வேறாகவும் இருப்பின், இரண்டையும் மறையாது மன்றின் முன் வைக்கவேண்டும். சில வேளைகளில் உறவினர் வீடே ஆபத்தான வீடாகவும் இருக்கக்கூடும். பிள்ளை சொன்ன இரகசியத்தைச் சந்தியிலே பேசித் திரிதல் பெரும் துரோகம். காக்க முடியாத வாக்குறுதியைக் கொடுத்தல் அதனினும் கொடிது. பாதி வழியிற் கைவிடுபவர் அப்பணியைத் தொடங்காதிருத்தலே நன்று. கைவிடப்படுதலை அப்பிள்ளை முன்னரே அறிந்திருக்கின்றது.

இதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. வகுப்பிலே பிள்ளையின் முகவாட்டத்தை முதலிற் காண்பவர் ஆசிரியர். அடுப்புப் புகையாத வீட்டை அறிபவர் அயலவர். தாம் அறிந்ததை நன்னடத்தை உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ நேரிற் சென்று சொல்லலாம். துன்புறுத்தல் உண்டென அஞ்சினால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

அன்று உறவினர் கூடிச் சொத்தை ஓலையில் எழுதினர். இன்று ஊரார் ஒருவர் முன்வந்து, ஒரு பிள்ளை எதற்கு அஞ்சுகின்றது, யாரைத் தேடுகின்றது என்பவற்றை எழுத உதவுவாராயின், அப்பிள்ளைக்கு அதனினும் பெரிய முதுசம் வேறில்லை.