துணைவி சீனாவில், படிவம் அமெரிக்காவில்: கையெழுத்து யார் போடுவது?

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற நம்ம பிள்ளைகளில் சிலர் சீனப் பெண்ணைத் திருமணம் செய்துகொள்கிறார்கள். பெண் இன்னும் சீனாவில். பையன் அமெரிக்காவில் குடியேற்ற விசாவுக்கு மனுப் போடுகிறார். அப்போது வருகிற கேள்வி: “அவங்க கையெழுத்தை நானே போட்டுடலாமா?”

கூடாதுங்க. புருஷன் பெண்டாட்டிதானே என்கிற சமாதானம் அங்கே எடுபடாது. உண்மையான திருமணத்தின் மேலேயே அது சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

முதல் படிவம் ஐ-130. மனுதாரர் கணவர், அவர்தான் கையெழுத்திடணும். கூடவே போவது ஐ-130ஏ. மனைவியின் கடந்த 5 ஆண்டு முகவரிகள், வேலை, பெற்றோர் விவரம் எல்லாம் அதில் வரும். கையெழுத்துக்கும் இடம் இருக்கும். அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும்தான் கை துறுதுறுக்கும்! ஆனால், துணை வெளிநாட்டில் இருந்தால் படிவத்தை நிரப்பினால் போதும், அவர் கையெழுத்து தேவையில்லை. படிவத்தோடு வரும் குறிப்பிலேயே இது இருக்கு. பிறகு வருகிற ஐ-864 வருமான உறுதிமொழி. அதிலும் கையெழுத்து கணவருடையதுதான்.

மனைவி கையெழுத்து கட்டாயம் வேணும் என்கிற தாள் வந்தால்? அவர் அங்கே பேனாவால் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பலாம். அந்த நகலை அமெரிக்கக் குடியேற்றத் துறை ஏற்கும். தட்டச்சு செய்த பெயரோ ரப்பர் ஸ்டாம்போ செல்லாது. வழக்கமாகச் சீன எழுத்தில் கையெழுத்திடுபவர் அப்படியே போடலாம், ஆங்கிலத்தில் இருக்கணும்னு இல்லை. சீனாவில் வாட்ஸ்அப் சாதாரணமாக வேலை செய்யாது. வீசாட்டில் படமாக அனுப்பாமல் பிடிஎஃப் கோப்பாக அனுப்பச் சொல்லுங்க. படம் சுருங்கினால் எழுத்து மங்கிவிடும்.

பெயர் விஷயத்தில் கவனம். பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்துப்படி ஒரு இடத்தில், சீன எழுத்தில் இன்னொரு இடத்தில் கேட்பார்கள். சீன எழுத்தை அவரிடமே கேட்டு வாங்குங்க, மொழிபெயர்ப்புச் செயலியை நம்ப வேண்டாம். பிறப்பு, திருமணச் சான்றுகளை அங்குள்ள நோட்டரி அலுவலகத்தில் ஆங்கில மொழிபெயர்ப்போடு வாங்குவதும் அவர் வேலைதான்.

துணை மதுரையில் இருந்தாலும் இதே படிவங்கள், இதே விதி.

சீனாவில் நேர்காணல் குவாங்சோ துணைத் தூதரகத்தில். விரல் ரேகை எடுத்து, விண்ணப்பத்தில் உள்ளது உண்மை என்று அதிகாரி சத்தியம் வாங்குவார். சத்தியம் செய்வது மனைவி. அதனால் நீங்க நிரப்பி அனுப்பிய ஒவ்வொரு பக்கத்தின் நகலும் முன்கூட்டியே அவர் போனில் இருக்கட்டும்.