எந்த மாத்திரையோடு எந்த மாத்திரை?

(திருப்புட்குழியில் நடந்த குழுக் கூட்டத்தில் பேசியது)



தறி வேலையை விட்டுட்டு வந்திருக்கீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். எச்.ஐ.வி. எப்படிப் பரவும், எப்படிப் பரவாதுன்னு நிறையக் கூட்டத்துல கேட்டிருப்பீங்க. ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வேறு மாத்திரையும் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

தாம்பரம் சானடோரியம் போன்ற அரசு மருத்துவமனைகளில் 2004 ஏப்ரலில் இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அன்று பிழைத்தவர்களுக்கு இன்று வயதாகிறது. சர்க்கரை, பிரஷர் என்று மாத்திரையும் கூடுகிறது.

இப்போது பெரும்பாலோருக்குத் தருவது தினம் ஒரே மாத்திரை. அதற்குள் மூன்று மருந்து இருக்கு. அதில் ஒன்றான டோலுடெக்ராவிர், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு வெறும் வயிற்றில் போனால் அவற்றோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சரியாகச் சேராது. கர்ப்பிணிகளுக்கு இந்த இரண்டும் நர்சம்மா தர்றாங்களே, அதே மாத்திரைதான். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் பரவாயில்லை. இல்லாவிட்டால் ஏ.ஆர்.டி. மாத்திரையை 2 மணி நேரம் முன்னால் போடணும், அல்லது 6 மணி நேரம் கழித்துப் போடணும். நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கிக் குடிக்கிறோமே, அந்த மருந்துக்கு சாப்பாட்டோடு என்றாலும் இந்த இடைவெளி வேணும். அயச்செந்தூரத்திலும் இரும்புதான் இருக்கு. நாட்டு மருந்துதானே என்று சொல்லாமல் விடாதீங்க.

சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் நேர்மாறு. அது உடம்பில் கூடிவிடும். அதனால் டாக்டர் நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்ப்பார். டி.பி.க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் டோலுடெக்ராவிர் சீக்கிரம் கரைந்துபோகும், 12 மணி நேரம் கழித்து இன்னொன்று கூடுதலாகத் தருவார்கள். சில வலிப்பு மருந்துகளும் இப்படித்தான். மருந்து குறைந்துகொண்டே இருந்தால் கிருமி பழகிக்கொள்ளும், அப்புறம் அந்த மாத்திரை கேட்காது. அதுக்காக எதையும் நீங்களா நிறுத்திடக் கூடாது.

டாக்டரிடம் சொன்னால் தீர்ந்தது என்பீர்கள். அங்கேதான் சிக்கல். மாமியார் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குள் மாத்திரையை வைக்கிறவள், சர்க்கரை டாக்டரிடம் எப்படி வாய் திறப்பாள்? 2017 சட்டப்படி, ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாமல் பொதுவாக வெளியே சொல்லக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகிறவர்களில் நம்ம குழுப் பெண்களும் இருக்காங்க. அவங்களுக்குத்தான் சொல்றேன்: "உனக்கு என்ன வியாதி?"ன்னு கேட்காதீங்க. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டா டாக்டர்கிட்ட தனியா சொல்லிடும்மா"ன்னு எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி சொல்லுங்க. யாரையும் சந்தேகப்பட்டதாகவும் ஆகாது.

நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097க்கு போன் பண்ணலாம். காசு கிடையாது, பேரும் சொல்ல வேண்டியதில்லை.