திரையில் ஓடும் காரும் நம் மலைவீதியும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கார்ப்பந்தய விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் பெரியவர்கள் சிலர் புன்முறுவல் பூத்தார்கள். பிள்ளைகளின் விளையாட்டுக்கு ஒரு சொற்பொழிவா என்று எண்ணியிருக்கலாம். ஆனால் நாளை அட்டன் வீதியின் வளைவுகளில் மோட்டார்ச் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் ஓட்டப்போகிறவர்கள் அப்பிள்ளைகளே. ஆகவே அவ்விளையாட்டு எதைக் கற்பிக்கிறது, எதைக் கற்பியாது விடுகிறது என்று ஆராய்வது நம் கடமை.

1976ஆம் ஆண்டில் அட்டாரி கம்பனி ‘நைட் டிரைவர்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. காசு போட்டு ஆடும் இயந்திரம் அது. கருந்திரையில் வெள்ளைக் கம்பங்கள் இரு வரிசையாக ஓடிவரும், அதுவே வீதி. பின்னர் வீட்டுத் தொலைக்காட்சியில் பூட்டி ஆடும் பெட்டிகள் வந்தன. 1997 டிசம்பரில் யப்பானியர் கசுனோரி யமவுச்சியும் அவர் குழுவினரும் பிளேஸ்டேஷன் பெட்டிக்காக ‘கிரான் டூரிஸ்மோ’வை ஆக்கினர். அதில் ஒரு கார் ஏறத்தாழ 300 தட்டைத் துண்டுகளை ஒட்டி உருவானது. 2001இல் வந்த மூன்றாம் பாகத்தில் அது 4,000 அளவாயிற்று. 2010இல் வந்த ஐந்தாம் பாகத்தில், நுணுக்கமாகச் செய்த கார்களில், 5 இலட்சத்தை எட்டியது. என்னே வளர்ச்சி!

படம் மட்டுமா வளர்ந்தது? பிரேக் பிடித்தால் காரின் பாரம் முன்சில்லுகளுக்குப் பாய்வதையும், ஈரத்தில் ரயரின் பிடி தளர்வதையும் அப்பெட்டி கணக்கிடுகிறது. வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்த பின் கார் நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். பாடசாலையில் படித்த இவ்விதியைப் பிள்ளையின் விரல்கள் அங்கே உணர்கின்றன. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை என்று சாரதிப் பரீட்சை வைத்துக் கற்பிப்பதும் அவ்விளையாட்டே. அதில் பயின்று 2011இல் தேர்வு பெற்ற ஜான் மார்டன்பரோ என்னும் பிரித்தானிய இளைஞர், 2013இல் புகழ்பெற்ற லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் உண்மைக் கார் ஓட்டினார். எனவே இதை வெறும் வீண்பொழுது என்று ஒதுக்குதல் நியாயமன்று.

ஆயினும், அன்பர்களே, இத்தனை மெய்த்தோற்றத்திலும் ஒன்று விடுபட்டிருக்கிறது. கிரான் டூரிஸ்மோவின் முதல் நான்கு பாகங்களிலும் கார் சுவரில் மோதினால் வெளியே ஒரு கீறலும் விழாது. பின்னர் கீறலும் நெளிவும் வந்தன, வலி வரவில்லை. வீதியோரத்து மக்கள் வெறும் சித்திரம். தவறினால் ஒரு பொத்தானை அமுக்கி மீண்டும் தொடங்கலாம்.

அதே மார்டன்பரோவின் கார் 2015 மார்ச்சில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஓடுபாதையில் மேலெழுந்து வேலியைத் தாண்டி விழுந்தது. பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். தூரத்துக் கதை என்பீர்களா? 2024 ஏப்ரல் 21ஆம் திகதி நம் மலையகத்திலுள்ள தியத்தலாவையில், பொக்ஸ் ஹில் பந்தயத்தில், கார் ஒன்று பாதை விலகிக் கூட்டத்துள் பாய்ந்தது. எழுவர் மாண்டனர். அவர்களுள் எட்டு வயதுப் பிள்ளையும் ஒன்று. அங்கே எந்தப் பொத்தானை அமுக்குவது?

நம் வட்டவளையை எண்ணிப் பாருங்கள். மழையும் மூடுபனியும் இங்கே விருந்தாளிகள் அல்ல, வீட்டுக்காரர். வளைவுக்கு அப்பால் கொழுந்து லொறி வரலாம். பாடசாலைப் பிள்ளைகள் குடையோடு வீதியோரம் நடக்கலாம். இவர்கள் சித்திரங்கள் அல்லர்.

இளைஞர்களே, ஆடுங்கள், வளைவுக்கு முன் வேகம் குறைக்கும் பாடத்தை அங்கே கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் வீதிக்கு இறங்குமுன் முறைப்படி அனுமதிப்பத்திரம் பெறுங்கள், தலைக்கவசம் அணியுங்கள். பெரியோர்களே, பெட்டியைப் பிடுங்காதீர்கள். பிள்ளையின் அருகே சிறிது நேரம் அமருங்கள். அவன் வளைவில் பறக்கும்போது ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: “தம்பி, அந்த முடக்கில் உன் தங்கை நின்றிருந்தால்?”

அக்கேள்வி அவன் நெஞ்சில் பதிந்தால், திரையில் இல்லாத அந்த உண்மை அவனிடம் வந்து சேரும்.