மரத்தளத்தின் ஆணிகள்
அமெரிக்க வீடுகளின் புறத்தே திறந்தவெளியில் அமைக்கப்படும் மரத்தளங்களின் பலகைகளில் பூஞ்சையும் கரையானும் அண்டாதிருக்க மருந்து ஏற்றப்படுகிறது. 2003-ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்சனிக் கலந்த மருந்து வீட்டுப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டு, செம்பு மிகுந்த மருந்துகள் அவ்விடத்தைப் பிடித்தபின், ஆணிகள் அரிக்கப்படும் வேகம் கூடியது. ஈரமரத்திலுள்ள செம்பு, ஆணியின் மேற்பூச்சாகிய துத்தநாகத்தை மின்வேதி வினையால் கரைத்துவிடுவதால், மின்முலாம் எனப்படும் மெல்லிய பூச்சு இங்கே உதவாது. உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த தடித்த பூச்சுடைய ஆணிகளோ எவர்சில்வர் ஆணிகளோதான் தகும். கடலோரத்தில், விலை மலைக்க வைத்தாலும், மாலிப்டினம் கலந்த 316 வகை எவர்சில்வரே சிறந்தது. வீட்டுச் சுவரோடு தளத்தைப் பிணைக்கும் கட்டையை வெறும் ஆணியால் அறைவது பெரும்பிழை. ஆணி கழன்று தளம் சரிந்த நிகழ்வுகள் பலவாதலால், அங்கே போல்ட்டோ தடித்த மரத்திருகோ முடுக்கப்பட வேண்டும்.