வேலைத் திட்டமும் வேலைக் கணக்கும்

(பூந்தமல்லி வட்டாரத்துக் கிராம ஊழியர்களிடையே செய்த பிரசங்கம்)



திட்டமென்னும் சொல் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. 1955ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபையின் தீர்மானம், தேசத்தின் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கே வழிகாட்டிற்று. ஆயினும், தேசத்துக்குத் திட்டமிடுவதைக் காட்டிலும் ஒரு தெருவுக்குத் திட்டமிடுவது சில சமயங்களில் கடினமாயிருக்கிறது. தெருவிலிருப்பவர்கள் மறுநாள் காலையிலேயே வந்து கேட்பார்களல்லவா?

நமது திட்டங்களில் அடிக்கடி காணப்படும் வாக்கியம் ஒன்றுண்டு: "குடிநீர் வசதி அபிவிருத்தி செய்யப்படும்." இது நிறைவேறிற்றென்றோ நிறைவேறவில்லையென்றோ ஒருவராலும் ரூபிக்க முடியாது. "வடக்குத் தெருப் பொதுக் கிணற்றைத் தூர் வாரிக் கைப்பிடிச் சுவரை மூன்றடி உயர்த்துவது, பொறுப்பு இன்னார், ஆனி மாத முடிவுக்குள்" என்று எழுதினால், ஆடி முதல் தேதியன்று ஒரு சிறுவன்கூடப் போய்ப் பார்த்துச் சொல்லிவிடுவான். அதுவே நல்ல திட்டத்துக்கு அடையாளம். செம்பரம்பாக்கம் ஏரியில் 24 அடிக்கு எத்தனை அடி நீர் நிற்கிறதென்று அளந்து குறிக்கிறார்களேயன்றி, "நீர் திருப்திகரம்" என்று எழுதுவதில்லை.

தேதி குறிக்கும்போது பருவத்தையும் பார்க்கவேண்டும். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது. புரட்டாசியில் தூர் வாரத் தொடங்கும் திட்டம், மண்ணைக் கரையிலேற்றி, மழையைக் கொண்டு அதைத் திரும்ப உள்ளே தள்ளும் திட்டமாகும்.

அருகிலுள்ள குத்தம்பாக்கத்தின் அனுபவத்தைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். 1996இல் அவ்வூர்ப் பஞ்சாயத்துத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட திரு. இளங்கோ, இரசாயனப் பொறியியல் கற்றுப் பின் உத்தியோகத்தைத் துறந்து ஊருக்குத் திரும்பியவர். ஜனங்களைக் கலந்துகொண்டு ஐந்தாண்டுத் திட்டமொன்று வகுத்தார். கழிவுநீர்க் கால்வாய் கட்டுகையில், மதிப்பீட்டில் கண்ட பொருளுக்குப் பதிலாகத் தொழிற்சாலைகள் கழித்த கருங்கல் துண்டுகளை உபயோகித்தார். செலவு குறைந்தது, ஆனால் விதி மீறப்பட்டதென்று அவர் பதவியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். கிராம சபையார் அவர் பக்கம் நின்றார்கள்; மீண்டும் பதவியிலமர்ந்தார். ஆகையால், திட்டத்திலிருந்து விலகும் அன்றைக்கே, விலகிய காரணத்தையும் மிஞ்சிய தொகையையும் எழுதி, சபையில் படித்துப் பதிவு செய்துவிடுங்கள். விலகுவது குற்றமன்றென்பது என் அபிப்பிராயம். எழுதாமல் விலகுவது ஆபத்து.

அதே ஊரில் சமத்துவபுரத்துக்கு நூறு வீடுகளை ஐம்பது இரட்டை வீடுகளாகக் கட்டினார்கள். ஒரு சுவரின் இப்புறம் தலித் குடும்பம், அப்புறம் வேறு சாதிக் குடும்பம். இத்தகைய வேலைக்குக் கணக்கு எழுதுவது எப்படி? "நூறு வீடுகள் முடிந்தன" என்பது கொத்தனாரின் கணக்கு. ஓராண்டு கழித்து அவ்விரு வீட்டாரும் நெருப்புக்கும் உப்புக்கும் ஒருவர் வாசலுக்கு ஒருவர் போகிறார்களா, குழந்தைகள் ஒரே திண்ணையில் விளையாடுகிறார்களா என்று விசாரித்து எழுதுவது ஊழியரின் கணக்கு. இரண்டாவதற்குப் படிவத்தில் இடமில்லை, பின்பக்கத்தில் எழுதுங்கள்.

முன்னேற்றத்தைப் பரிசீலிக்கும் நாட்களுக்குக் குறைவில்லை. நமது மாநிலத்தில் கிராம சபை கூடும் நாட்கள் நான்காயிருந்தன. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 என்ற இரு நாட்களும் சேர்ந்து ஆறாயின. ஆனால் பழைய திட்டத்தை வாசிக்காமலே புதிய தீர்மானம் போடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. முதலில் சென்ற கூட்டத்தின் வேலைகளை ஒவ்வொன்றாய்ப் படியுங்கள்: முடிந்தது, பாதி நிற்கிறது, தொடங்கவில்லை. தொடங்காதவற்றுக்கு எதிரே "நிதி வரவில்லை" என்று மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தேதியில் எழுதினீர்கள், என்ன பதில் வந்தது என்பதையும் சேருங்கள். பெண்கள் பேசும்படி சிறிது நேரம் விடுங்கள். குழாயில் எத்தனை மணிக்கு நீர் நிற்கிறதென்று அவர்களுக்கே தெரியும்.

இன்று நீங்கள் கொண்டுவந்திருக்கும் நோட்டுப் புத்தகங்களில், சென்ற ஆண்டுத் திட்டத்தில் இன்னும் தொடங்காத ஒரு வேலையை எடுத்து, பொறுப்பாளர் பெயரோடும் தேதியோடும் திருத்தி எழுதுங்கள். பிற்பகலில் ஊர் ஊராய் வாசிப்போம்.