சோற்றுத் தட்டை எடைபோடுவோம்

உடம்பைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் இப்போது முதலில் கை வைப்பது சோற்றில்தான். ஒரு தலைமுறைக்கு முன்பு எண்ணெயும் நெய்யும் வாங்கிக்கொண்ட ஏச்சையெல்லாம் இன்றைக்கு அரிசி வாங்கிக்கொள்கிறது. திருச்சி கே.கே. நகரில் விடியற்காலையில் நடக்கக் கிளம்புகிறவர்களிடமும் சரி, ஸ்ரீரங்கத்து வீதிகளில் மாலையில் திண்ணையோரம் பேசிக்கொண்டிருப்பவர்களிடமும் சரி, "நான் சோத்த விட்டுட்டேன்" என்பது கொஞ்சம் பெருமையோடு சொல்லப்படும் செய்தி. "சோறு இல்லாம அது என்ன சாப்பாடு?" என்ற பதிலும் உடனே வரும். இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் என்ன என்று பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். மாவுச்சத்தைக் குறைத்து எடையைக் குறைக்கும் பழக்கம், அது பிறந்த மேலை நாடுகளைவிட நம் ஊர்த் தட்டுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது. ஆனால் நமக்குப் பொருந்துவது அதன் மிதமான வடிவம். சோற்றை அறவே துறப்பது பெரும்பாலோருக்குத் தேவையும் இல்லை, நீடிப்பதும் இல்லை.

பழக்கம் புதியதன்று. 1863இல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பான்டிங் என்பவர் ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்தார். சவப்பெட்டியும் இறுதிச் சடங்கும் ஏற்பாடு செய்வது அவர் தொழில். குனிந்து காலணி நாடாவைக் கட்ட முடியாத பருமன். காது கேட்கவில்லை என்று போன இடத்தில் வில்லியம் ஹார்வி என்ற மருத்துவர் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தச் சொன்னார். சுமார் ஓராண்டில் இருபது கிலோவுக்கு மேல் இறங்கியது. அடுத்த அலையை 1972இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ் கிளப்பினார். தமிழில் இதைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுசேர்த்தது 'பேலியோ'. நியாண்டர் செல்வன் எழுதிய 'பேலியோ டயட்' நூலும் அதையொட்டி முகநூலில் திரண்ட கூட்டமும், நூறு பாதாம், நாலு முட்டை, பனீர், வெண்ணெய் கலந்த தேநீர் என்று ஒரு புதிய பட்டியலைத் தமிழ்ச் சமையலறைக்குள் நுழைத்தன. இட்லி மாவு அரைக்கிற வீட்டில் காலிஃபிளவரைத் துருவி 'சோறு' ஆக்கினார்கள். பலருக்கு எடை இறங்கியது, சர்க்கரையும் இறங்கியது. கேலி செய்து ஒதுக்கிவிடக்கூடிய விஷயமில்லை.

ஏன் இறங்குகிறது? முதல் வாரத்தில் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். நம் ஈரலும் தசையும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்துவைக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சோறு நின்றதும் அந்தச் சேமிப்பு கரைகிறது, கூடவே தண்ணீரும் போகிறது, எடை இயந்திரம் இரண்டு கிலோ குறைத்துக் காட்டுகிறது. ஒருநாள் கல்யாண விருந்து சாப்பிட்டால் அந்த இரண்டு கிலோவில் பெரும்பங்கு திரும்பிவந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் முதலில் அளவுக்கு மீறிக் குதூகலிக்கிறார்கள், பிறகு அளவுக்கு மீறி மனம் உடைகிறார்கள். அதற்கு அப்புறம் இறங்குவதுதான் கொழுப்பு. அது இறங்கக் காரணம் மாயம் ஏதும் இல்லை: புரதம் கூடும்போது வயிறு சீக்கிரம் நிறைகிறது, நெடுநேரம் பசிப்பதில்லை, மொத்தத்தில் சாப்பிடுவது குறைகிறது. சோறு குறைந்தால் சோற்றோடு வரும் அப்பளமும் உருளைக்கிழங்கு வறுவலும் தாமாகவே குறைகின்றன.

எதிர்த்தரப்பு இங்கே ஒரு வலுவான ஆதாரத்தை எடுத்துவைக்கும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் தலைமையில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கொழுப்பையும் மற்றதற்கு மாவுச்சத்தையும் ஓராண்டு குறைக்கச் சொன்னார்கள். 2018இல் முடிவு வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இளைத்திருந்தார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. வித்தியாசம் என்று சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அப்படியானால் எதைக் குறைத்தால் என்ன என்று கேட்கலாம். ஆனால் அந்த ஆய்வில் இரண்டு பிரிவினருக்கும் பொதுவாகச் சொன்ன அறிவுரை ஒன்று உண்டு: சர்க்கரையையும் சலித்துத் தீட்டிய மாவுப் பண்டங்களையும் விடுங்கள், காய்கறியை நிறையச் சாப்பிடுங்கள். இரு தரப்பும் இளைத்ததில் இதற்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு. அமெரிக்கர் சாப்பாட்டில் மாவுச்சத்து தருவது மொத்தக் கலோரியில் பாதியளவுதான். நாம் தொடங்கும் இடமே வேறு.

நாம் தொடங்கும் இடம் எது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியானது. இந்தியர்கள் பெறும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பகுதி தீட்டிய அரிசி, தீட்டிய கோதுமை, சர்க்கரை என்ற தரம் குறைந்த வகை என்று அது சொல்கிறது. இதே ஆய்வுத் தொடரின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர்.

நாட்டுக் கணக்கை விட்டுவிட்டு ஒரு மத்தியானச் சாப்பாட்டைப் பார்ப்போம். முதலில் சாம்பாருக்குச் சோறு, அடுத்து ரசத்துக்குச் சோறு, கடைசியில் மோருக்குச் சோறு. தொட்டுக்கொள்ள இரண்டு கரண்டி பொரியல், ஒரு அப்பளம். நூறு கிராம் அரிசியில் 78 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. புரதத்தைக் கேட்டால் "அதான் சாம்பார்ல பருப்பு இருக்கே" என்போம். நாலு பேர் உள்ள வீட்டில் 150 கிராம் துவரம் பருப்பு வேகவைத்தால், அதிலுள்ள புரதம் மொத்தமே 33 கிராம். ஆளுக்கு எட்டு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் வேண்டும். காலையில் இட்லி, இரவில் தோசை, நடுவில் டீயோடு மணப்பாறை முறுக்கு. பெயர் மாறுகிறதே தவிர, ஒரே அரிசிதான் ஒருநாளில் நான்கு தடவை வருகிறது. இப்படிப்பட்ட தட்டில் மாவுச்சத்தைக் குறைக்க இடம் தாராளமாக இருக்கிறது.

"எங்க தாத்தா மூணு வேளையும் சோறுதான் தின்னாரு, தொந்தி இருந்துச்சா?" என்ற கேள்வி எல்லாக் குடும்பத்திலும் கேட்கும். அந்தத் தாத்தா ஏர் உழுதார், ஏற்றம் இறைத்தார், பத்து மைல் நடந்தார். அவர் உடம்பு அந்தச் சோற்றைச் சாயங்காலத்துக்குள் எரித்துவிட்டது. மேலும் மூன்று வேளையும் நெல்லுச்சோறு என்பது காவிரிப் பாசனத்தில் காணி உள்ளவர்களின் கதை. துறையூர், மணப்பாறைப் பக்கத்து மானாவாரி ஊர்களில் கம்பும் சோளமும் கேழ்வரகும்தான் அன்றாடச் சாப்பாடு, நெல்லுச்சோறு நாள்கிழமைக்கு. அதை மாற்றியது பசுமைப் புரட்சி. 1960களில் வந்த ஆடுதுறை 27 ரகம், திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பைக் கேட்டு உழவர்கள் விதைத்ததால் 'ரேடியோ நெல்' என்றே பெயர் பெற்றது. பிறகு 2008இல் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் விலையில்லாமலும் அரிசி கிடைத்தது. பசியைத் துரத்திய அரிசியை இன்றைக்குக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நன்றிகெட்ட வேலை. நாற்காலியிலும் இருசக்கர வாகனத்திலும் நாள் கழிகிற நாம் ஏற்றம் இறைத்தவரின் அளவில் சாப்பிடுவதுதான் பிழை.

அரிசிக்குப் பதில் சிறுதானியம் போதாதா? மூட்டைப் படத்தோடு வரும் விளம்பரங்கள் போதும் என்கின்றன. வரகிலும் சாமையிலும் நார்ச்சத்து கூடுதல், சத்தும் கூடுதல். மறுப்பதற்கில்லை. ஆனால் நூறு கிராம் சாமையிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். மேலே சொன்ன 2025 ஆய்வு இதைத் தனியாகவே பார்த்தது. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல், தீட்டிய தானியத்துக்குப் பதிலாக முழுக் கோதுமையோ சிறுதானிய மாவோ சேர்த்ததனால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. கலோரியில் ஐந்து சதவீத மாவுச்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் பொருள் வழியாகப் புரதத்தை வைத்தவர்களுக்கே அபாயம் குறைவாக இருந்தது. ஸ்ரீரங்கத்தில் ஏகாதசி விரதத்தை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அன்றைக்கு அரிசிச் சோறு கூடாது என்பது விதி. சில வீடுகளில் அந்த இடத்தை ரவை உப்புமாவும் கோதுமைத் தோசையும் எடுத்துக்கொள்ளும். அரிசி போனதே தவிர மாவுச்சத்து போகவில்லை. மறுநாள் துவாதசிப் பாரணையில் வரும் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும்தான் நாம் தேடுகிற சங்கதி.

இனி மறுகோடி. நாளுக்கு நாற்பது கிராம் மாவுச்சத்து, பழம் கூடாது, பருப்பு கூடாது என்கிற கடும் பேலியோ. இதில் எடை வேகமாக இறங்குகிறது என்பது உண்மை. ஆனால் கல்யாணம், திருவிழா, பொங்கல் என்று வருஷம் முழுக்கச் சோற்றைச் சுற்றிச் சுழலும் ஊரில், வீட்டில் ஒருவர் மட்டும் தனிச் சமையலில் எத்தனை வருஷம் காலம் தள்ள முடியும்? நூறு பாதாம் என்பதே சுமார் 700 கலோரி. அதற்கு ஆகும் செலவில் ஒரு குடும்பமே பயறும் முட்டையும் சாப்பிடலாம். பருப்பை விலக்கச் சொல்வது எனக்கு ஏற்பில்லாத பகுதி. சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்குக் கையிலிருக்கும் மலிவான புரதத்தையே அது பிடுங்கிக்கொள்கிறது. சிலருக்கு வெண்ணெயும் நெய்யும் மிகும்போது எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு ஏறுவதும் பரிசோதனைச் சீட்டில் தெரிகிறது. 2018இல் 'லான்செட்' குழும இதழ் ஒன்றில் வந்த ஓர் ஆய்வு, பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர்களைக் கால் நூற்றாண்டு பின்தொடர்ந்தது. மாவுச்சத்து 50 முதல் 55 சதவீதம் உள்ளவர்களிடம் இறப்பு விகிதம் மிகக் குறைவு. நாற்பதுக்குக் கீழேயும் எழுபதுக்கு மேலேயும் கூடியது. விட்ட மாவுச்சத்தை இறைச்சியால் நிரப்பியவர்களைவிடப் பயறு, கொட்டைகளால் நிரப்பியவர்கள் நலமாக இருந்தார்கள். இத்தகைய ஆய்வு காரணத்தை அறுதியிட்டு நிறுவாது, திசையைக் காட்டும். சர்க்கரை நோயைத் திருப்ப நம் நாட்டு ஆய்வாளர்கள் 2022இல் கணித்த 49 முதல் 54 சதவீதம் மாவுச்சத்து, 20 சதவீதத்தையொட்டிய புரதம் என்ற அளவும் கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்து நிற்கிறது.

அறுபத்திரண்டிலிருந்து ஐம்பதுக்கு வருவது என்றால் கேட்க மலைப்பாக இருக்கும். இரண்டாயிரம் கலோரி சாப்பிடுகிறவருக்கு அது சுமார் 75 கிராம் அரிசி, வடித்தால் 200 கிராம் சோறு. நாள் முழுவதிலும் சேர்த்து இவ்வளவுதான். மத்தியானம் மோர் சாதத்தை மோராகக் குடித்துவிட்டு, இரவு நாலு தோசையை இரண்டாக்கினால் கணக்கு ஏறத்தாழ நேராகிவிடும். அந்த இடத்தை நிரப்பச் சரக்கு நம்மிடமே இருக்கிறது. கே.கே. நகர் உழவர் சந்தையின் விலைப் பலகையைப் பாருங்கள்: கத்தரி, அவரை, புடலை, வெண்டை, முருங்கைக்கீரை. திருச்சி வாழை பெயர்பெற்ற மாவட்டம். தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இங்கேதான் இருக்கிறது. வாழைப்பூவும் வாழைத்தண்டும் மாவுச்சத்து குறைந்தவை, நார் நிறைந்தவை. பிள்ளைகளை உட்காரவைத்து ஆய்ந்தால் பூ ஆய்வது ஒரு பெரிய வேலையில்லை. சாம்பாரைச் சோற்றுக்கு நனைப்பாகப் பார்க்காமல், பருப்பைக் கெட்டியாக வைத்துக் கூட்டாகச் சாப்பிடலாம். கொண்டைக்கடலை, தட்டைப்பயறுச் சுண்டல் நவராத்திரிக்கு மட்டும் உரியது என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்றில் ஆறு கிராம் புரதம். செலவு கட்டாது என்பவர்களுக்கு ரேஷன் துவரம் பருப்பும் வேர்க்கடலையும் இருக்கின்றன. சர்க்கரை போட்ட டீயையும் பேக்கரிப் பண்டத்தையும் நிறுத்திய காசே பாதிச் செலவை ஈடுகட்டும். இந்தப் பழக்கத்தில் முதலில் போக வேண்டியவை அவைதான், சோற்றின் முறை அதற்குப் பிறகுதான்.

பலன் கிடைக்கிறதா என்று அறிய எடை இயந்திரத்தை மட்டும் நம்ப வேண்டாம். இடுப்புச் சுற்றளவை ஒரு நாடாவால் அளந்துகொள்ளுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80க்கும் மேல் இருப்பது நம்மவர்களுக்கு அபாயக் கோடு. மாதம் இரண்டு கிலோ இறங்கினால் நல்ல வேகம். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் தாமாக இதில் இறங்கக் கூடாது. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்சுலின் போட்டுக்கொண்டோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரை போட்டுக்கொண்டோ திடீரென்று சோற்றைக் குறைத்தால், சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு மாவுச்சத்தை மிகக் கடுமையாகக் குறைத்தால் ரத்தத்தில் அமிலம் ஏறி ஆபத்தாகும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி மாத்திரை வருகிறவர்களும், மாத்திரை தருகிறவரிடமும் மருத்துவரிடமும் சாப்பாட்டை மாற்றப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சோற்றின் அளவு குறையும்போது மாத்திரையின் அளவையும் மருத்துவர் மாற்றியமைக்க வேண்டியிருக்கும்.